காலை ஒன்பது மணிக் குளிசை

மருந்து கொடுப்பவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள். கவுண்டர் ஓட்டைக்கு இந்தப் பக்கம் நின்று "மூணு நேரம், சாப்பிட்டாப் பிறகு" என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கும் என் சக பாவிகளே, உங்களுக்கு இது நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எத்தனை வருடம் ஒரே ஊரில் மருந்து கொடுத்தாலும், சந்தையில் கண்டால் "எங்கயோ கண்ட முகம்" என்று விட்டுப் போவார்கள். நானும் அப்படியே இருந்து பென்சன் எடுத்திருப்பேன். ஒரு மனிசன் வந்து எனக்குப் பேர் தெரியாத ஒரு குளிசை கேட்டதில் எல்லாம் மாறிப் போனது.

கூட்டி வாங்க

சுனாமி அடித்து மூன்றாம் நாள். கல்முனையில் கடற்கரைப் பக்கம் ஒன்றும் மிச்சமில்லை. உள்ளே ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு மேசையை ஒட்டிப் போட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். காய்ச்சலுக்குப் பனடோல், காயத்துக்குப் பூசுகிற மருந்து, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற பக்கெட், அவ்வளவுதான். வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. அதில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், யாரோ கொடுத்த சாரனும் யாரோ கொடுத்த சேட்டுமாக வந்து நின்றார். பேர் ஹனீபா. "தம்பி, சாம்பல் நிறத்துல ஒரு குளிசை. உறையக் கிழிச்சா ஒரு மணம் வரும். காலையில ரெண்டு, ராவைக்கு ரெண்டு. பேர் எனக்குத் தெரியா. மூணு நாளாக் குடுக்கல்ல" என்றார்.

அப்படி ஒரு குளிசையை நான் கண்டதே இல்லை. "ஆருக்குக் காக்கா?" என்று, மூத்தவர்களை நாங்கள் கூப்பிடுகிற முறையில் கேட்டேன். "அவவுக்குத்தான். குடுக்காட்டி அவ மௌத்தாகிடுவா" என்றார். எனக்கோ பின்னால் இருநூறு பேர். ஆள் இல்லாமல் மருந்து கொடுக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நானும் பாடத்தை ஒப்புவித்தேன்: "ஆளப் பாக்காம மருந்து தர ஏலா காக்கா. அவவைக் கூட்டி வாங்க." சும்மா அனுப்ப மனமில்லாமல் இரண்டு பனடோலை அவர் கையில் வைத்தேன். அவர் பனடோலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு சேட்டுக்கு மேலால் அடிவயிற்றின் வலப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"கூட்டிக்கொண்டுதான் வந்திரிக்கன், தம்பி."

எண்ணத் தெரியாதா?

அதிர்ச்சியில் மனிசனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து வெளியூரிலிருந்து வந்த ஒரு டொக்டர் அவரைப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஹனீபா காக்காவின் இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, ஒன்றரை வருடத்துக்கு முன் அவருடைய பொஞ்சாதி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அந்தப் பொஞ்சாதியைத்தான் கடல் கொண்டுபோனது. அடக்க ஒரு மையித்துகூடக் கிடைக்கவில்லை. அவவில் இந்த உலகத்தில் மிஞ்சியது அவர் வயிற்றுக்குள் இருக்கும் அந்த ஒரு கிட்னிதான், அதைக் காப்பாற்றுகிற குளிசையைத்தான் என்னிடம் கேட்டிருக்கிறார். நான் "கூட்டி வாங்க" என்றிருக்கிறேன். யா அல்லாஹ்! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவரை ஒரு வாகனத்தில் கொழும்புக்கு அனுப்பிக் குளிசை கிடைக்கும்போது சுனாமி அடித்து ஆறாம் நாள் ஆகியிருந்தது. கிட்னி போகவில்லை, ஆனால் முன்னைப்போலவும் இல்லை என்று கேள்விப்பட்டேன். குளிசையின் பேர் சைக்ளோஸ்போரின். அந்தப் பேரை நான் மறக்கவே இல்லை. மூன்றரை வருடம் கழித்து, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு மருந்து பார்க்க மருந்தாளர்களுக்கு ஒரு வருட விசேஷப் பயிற்சி, கொழும்பில் தங்கிப் படிக்கவேண்டும் என்று ஒரு கடிதம் வந்தபோது, யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். யாரையும் என்றால் என் மனிசி நபீஸாவை. கலியாணம் முடித்து எட்டு மாதம். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு அவள் கேட்டாள்:

"குளிசை குடுக்கிறதுக்கு ஒரு வருசம் படிக்கணுமா? உங்களுக்கு எண்ணத் தெரியாதா?"

பதினொரு தரம்

எங்களுக்குப் படிப்பித்தவர் ஒரு சிங்கள மிஸ். தமிழை உடைத்து உடைத்துக் கதைப்பார், ஆனால் மனிசரை உடைக்கமாட்டார். முதல் நாளே எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு டப்பா நிறைய விற்றமின் குளிசை தந்தார். காலை ஒன்று, இரவு ஒன்று, சரியாகப் பன்னிரண்டு மணித்தியால இடைவெளி, ஒரு மாதத்துக்கு. இதுவும் ஒரு பரீட்சையா என்று உள்ளுக்குள் சிரித்தேன். மாத முடிவில் மிஸ் டப்பாவைக் கொட்டி எண்ணினார். நான் பதினொரு தரம் விட்டிருந்தேன். பஸ் பிந்தியது, ஆமி செக்கிங்கில் இறக்கிவிட்டார்கள், நித்திரையாகிவிட்டேன் என்று காரணங்களை அடுக்கினேன். நோயாளிகள் நம்மிடம் சொல்லும் அதே காரணங்கள்! மிஸ் ஏசவில்லை.

"உங்களுக்கு நோய் வருத்தம் இல்ல, மறந்த. அவங்களுக்கு வருத்தம், அவங்களும் மறக்கும். ஏன் மறந்த எண்டு ஏச வேணாம். அந்த நேரத்தில என்ன நடந்த, அதக் கேளுங்க."

ஜம்போலா

எங்கள் ஊர்ப் பக்கம் நாவிதன்வெளியிலிருந்து ஒரு கமக்கார ஐயா கொழும்புக் கிளினிக்குக்கு வருவார். அக்கா கொடுத்த கிட்னி. மருந்தை மணி பிசகாமல் எடுப்பார், ஆனால் இரத்தத்தில் மருந்தின் அளவு திடீரென்று ஏறி நிற்கும். டொக்டர்கள் அளவைக் குறைப்பார்கள், அடுத்த முறை சரியாகும், அதற்கடுத்த முறை மறுபடி ஏறும். மிஸ் சொன்னது ஞாபகம் வந்து, காலையில் எழும்பினதிலிருந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். வயல், வாய்க்கால், மாடு, பின்னேரம் வளவுக்குள் இருக்கிற மரத்தில் ஒரு ஜம்போலா, அதுதான் பம்பளிமாஸ். பிடித்தேன்! அந்தப் பழம் இந்த மருந்தை இரத்தத்தில் ஏற்றிவிடும், பழம் இருக்கிற காலத்தில்தான் ஏறியிருக்கிறது. இனிமேல் ஒரு சுளையும் கூடாது என்று சொன்னேன். ஐயா வாடிப்போனார். பையைத் திறந்து எனக்கென்று கொண்டுவந்த ஜம்போலாவை மேசையில் வைத்தார்.

"அப்ப இத நீங்களே தின்னுங்க தம்பி. உங்களுக்குத்தான் ஒருத்தரும் கிட்னி தரல்லையே!"

மூன்று மாதத்துக்கு ஒரு தரம்

சண்டை நடந்த அந்த வருடம் லீவில் ஊருக்குப் போவதென்றால் லேசுப்பட்ட வேலையில்லை. அடையாள அட்டை, ஆஸ்பத்திரிக் கடிதம், பொலிஸில் பதிந்த துண்டு, வழியெல்லாம் இறங்கி ஏறி நடை. இரண்டு கிழமைக்கு ஒரு தரம் வருவேன் என்று நபீஸாவிடம் சொல்லி வந்தவன், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போனதே பெரிய காரியம். பொய் சொல்வானேன், அவளை நினைத்து நினைத்து ஏங்கினேன். ஊர் மீன் ஆணத்தை நினைத்தால்கூட, அதை ஊற்றுகிற அவள் கைதான் முதலில் வரும். ஒருநாள் போனில் என் படிப்பின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன்: இந்தக் குளிசை பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கட்டாயம் போகவேண்டும், பிந்தினால் உடம்பு அந்தக் கிட்னியை அந்நியம் என்று தள்ளத் தொடங்கிவிடும் என்றேன். நபீஸா கேட்டாள்:

"இஞ்சேருங்க, கிட்னிக்கு மட்டுந்தான் அப்பிடியா?"

பனடோல் தந்த கை

பயிற்சி முடிய மூன்று மாதம் இருக்கையில் என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. ஹனீபா காக்கா! கடற்கரை வீடு போய், இப்போது பாலமுனையில் மகளோடு இருக்கிறார். மருந்தின் அளவு ஒரு மாதம் மேலே, ஒரு மாதம் கீழே. கிட்னி மெல்ல மெல்லச் சோர்ந்துகொண்டு வந்தது. இப்படியே போனால் வருடம் முடிய முன் அதை இழந்துவிடுவார் என்று டொக்டர் எழுதியிருந்தார். "குளிசை ஒழுங்கா எடுக்கிறீங்களா?" என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், "ஓம்" என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். நான் முன்னால் இருந்தவரிடம் குளிசைப் பெட்டியை வாங்கி எண்ணினேன். இருக்கவேண்டியதைவிடக் கூட இருந்தது.

ஏசவில்லை. "காலையில ஒம்பது மணிக்கு என்ன செய்வீங்க காக்கா?" என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்னார்: "பொட்டியை முன்னால வெச்சுக்கொண்டு வாசல்ல இரிப்பன். காலைக் குளிசை அவ கையாலதான். என்னப் பொட்டியத் தொடவும் விடமாட்டா. அண்டைக்கும் ஒம்பது மணிக்குக் குளிசை எடுக்கத்தான் உள்ளுக்குப் போனா. கடல் வந்திட்டு. இப்பவும் ஒம்பதானா, அவ வந்து தருவாவெண்டு பாத்துக்கொண்டு இரிக்கன். வரமாட்டாவெண்டு தெரியாதா எனக்கு? தெரியும். எண்டாலும் கை போகுதில்ல." சில நாள் பத்து மணியாகும், சில நாள் பதினொன்று. சில நாள் நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை இருந்துவிட்டு, இனி எதற்கென்று பெட்டியை மூடிவிடுவார். இரவுக் குளிசையும் அதற்கேற்றபடி இழுபடும். மகள் எடுத்துத் தந்தால் என்ன என்று கேட்டேன். "அது அவட வேல, தம்பி" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை. "காக்கா, சுனாமியில பள்ளிக்கூடத்துல வெச்சு, அவவைக் கூட்டி வாங்க எண்டு சொன்ன மடையன் நான்தான். மன்னிச்சிருங்க" என்றேன். அவர் மேசைக்கு மேலால் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளுக்கு வரக்குள்ளயே தெரியும். பனடோல் தந்த கைதானே இது. அண்டைக்கு உங்களுக்கிட்டயும் வேற என்ன இரிந்திச்சு?"

ஆறுக்கு ஆறு

ஒரு கிழமை யோசித்தும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான், அதுவும் சின்ன விஷயம். குளிசைக்கு ஒன்பது மணிதான் வேண்டும் என்று யார் சொன்னது? பன்னிரண்டு மணித்தியால இடைவெளி இருந்தால் போதும். மிஸ்ஸிடமும் டொக்டரிடமும் கேட்டு, அட்டையில் ஒன்பதை வெட்டிவிட்டு ஆறு என்று எழுதினேன். விடியச் சுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் ஒரு தரம், பின்னேரம் மஃரிபுக்கு முன் ஒரு தரம். ஹனீபா காக்கா அட்டையைப் பார்த்தார். "ஓம். ஆறு மணிக்கு அவ ஒருநாளும் குளிசை தந்ததில்ல" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் அளவு சரியாக இருந்தது. அதற்கடுத்த மாதம் அவர் வந்தபோது சண்டை முடிந்துவிட்டது என்று ரோட்டில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள், கிளினிக்கில் பாதிக் கதிரை வெறுமை. அன்றும் அளவு சரி. கிட்னி நிலைத்து நிற்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று டொக்டரே வந்து சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் இன்னும் இரண்டு கிழமையில் ஊர், நபீஸா, எல்லாம்! "பாத்தீங்களா காக்கா, அவவைக் காப்பாத்திட்டம்" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று அடிவயிற்றில் கையை வைத்துச் சிரித்தார். எழும்பி வாசல்வரை போனவர், செருப்பைப் போடாமல் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஆறு மணிக்குக் குளிசை குடிச்சிடுறன், சரி. அப்ப ஒம்பது மணிக்கு நான் என்ன தம்பி செய்யிற?"

ஒரு வருடம் வீட்டை விட்டுப் போய் எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கப் படித்து வந்த நான், இப்போதெல்லாம் காலை ஒன்பது அடித்தால் கவுண்டரில் ஒரு மருந்துத் துண்டையும் கையில் எடுக்காமல் இரண்டு நிமிஷம் சும்மா நிற்கிறேன், வரிசையில் நிற்பவர்கள் ஏசுகிறார்கள், அவர்கள் ஏசுவதும் நியாயம்தான்.