உடனே வரும் படம்

கேமரா வாங்கப் போகிறவன் முதலில் லென்ஸைப் பார்ப்பான், அப்புறம் விலையைக் கேட்பான். நான் இரண்டையும் விட்டுவிட்டு, பெட்டியிலிருந்து படம் வெளியே வருகிற சத்தத்தில் மயங்கினேன். என் புத்தி அப்படி. புதுசு என்று ஒன்றைக் கண்டால் எனக்குக் கை நிற்காது.

எண்பதுகளின் ஆரம்பம் அது. கொடைக்கானலில், பள்ளத்தாக்கைப் பார்க்க இரும்பு வேலி போட்டிருக்கும் ஓர் இடத்தில் நின்று, வருகிறவர்களைப் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவியின் அண்ணனும் அதே தொழில், அதே வேலி. நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். வேலிக்குப் போகிற வழியில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு சின்னக் கடை. நாயுடுபுரத்தில் என் வீட்டுக் குளியலறைதான் படம் கழுவுகிற இருட்டறை. படம் காய்கிற வரைக்கும் வீட்டில் யாரும் குளிக்க முடியாது. அதற்காக என் மனைவி எங்களை வைதது கொஞ்சமல்ல.

என்னுடைய பழைய ஜெர்மன் கேமராப் பெட்டிக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. லென்ஸுக்குப் பின்னாலிருக்கும் மடிப்புத் தோலில் ஓட்டை விழுந்து வெளிச்சம் உள்ளே போனது. பிளாஸ்திரி ஒட்டினேன். பத்து நாளில் பக்கத்திலேயே இன்னோர் ஓட்டை. கல்யாணம் முடிந்த கையோடு வந்த ஒரு ஜோடியின் படத்தில் மாப்பிள்ளையின் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் புகை இருந்தது. அவர்கள் கடிதத்திலேயே என்னைக் கிழித்துவிட்டார்கள். வேறு பெட்டி வாங்காமல் இனி முடியாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இரண்டு பெட்டிகள் விலைக்கு வந்தன. எங்கள் தெருவில் சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பெரியவரிடம் ஒரு ஜப்பான் கேமரா. சுருள் போட்டு முப்பத்தாறு படம் எடுக்கலாம். "கொழும்புல எடுத்த சாமான் தம்பி. தோட்டத்து மழையிலயே கெடந்தது, ஒண்ணும் ஆகல்ல" என்றார். இன்னொன்று, ஊருக்குத் திரும்பப் போகிற ஓர் அமெரிக்க வாத்தியாருடையது. பொத்தானை அமுக்கினால் பெட்டியின் வாயிலிருந்து படமே வெளியே வரும். கலர் படம். ஐந்து நிமிஷத்தில் ஆள் தெரிந்துவிடும். அதற்கான ஃபிலிமும் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். "கிறிஸ்துமஸுக்கு நான் கிளம்புறேன். அதுவரைக்கும் வச்சுப் பாருங்க. பிடிச்சா வாங்கிக்கோங்க" என்று தமிழிலேயே சொல்லி என் கையில் கொடுத்துவிட்டார்.

ஜப்பானா அமெரிக்காவா என்று டீக்கடையில் இரண்டு வாரம் பேச்சு நடந்தது. கேமராவைத் தொட்டே பார்க்காதவனெல்லாம் தீர்ப்புச் சொன்னான்.

"ஜப்பானை வாங்கு மாப்ள. பதறாத காரியம் சிதறாது" என்றார் மச்சான்.

"சனம் பஸ்ஸுக்கு அவசரமா நிக்குது மச்சான். தபால்ல வரும், நாளைக்கு வாங்கன்னு இன்னும் எத்தனை காலத்துக்குச் சொல்றது?"

"சொல்ற வரைக்கும் சொல்லணும்" என்றார். அவருக்குத் தன் பழைய பெட்டிமேல் உள்ள பாசம், காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு, என்று நான் சிரித்தேன்.

அவர் எதைச் சொன்னார் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருந்தது. குடும்பமாகவோ ஜோடியாகவோ வருகிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு, விலாசத்தைக் குறித்து, படத்தைத் தபாலில் அனுப்புவோம். தனியாக வருகிறவர்கள் விஷயம் வேறு. கூட்டமில்லாத மாதத்தில், மிஸ்ட், அதாவது பனிமூட்டம், ஏறுகிற நேரத்தில், ஸ்வெட்டர்கூட இல்லாமல் ஓர் ஆள் வந்து, மலையைப் பார்க்காமல் வேலியையே பார்த்துக்கொண்டு நின்றால், எங்களில் ஒருவர் மற்றவரிடம் "ஒத்தை" என்போம். அவ்வளவுதான் பேச்சு. வேலியைத் தாண்டிப் போனவர்களும் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும், அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். போய்ப் பேச்சுக் கொடுத்து, வேண்டாம் என்றாலும் விடாமல் ஒரு படம் எடுத்துவிடுவோம். காசு வாங்க மாட்டோம். "நாளைக்குப் பத்து மணிக்குக் கடைக்கு வாங்க. படத்தைப் பார்த்துட்டு, பிடிச்சா காசு கொடுங்க."

அந்த ஆளுக்கு மறுநாள் ஒரு சோலி இருக்க வேண்டும், அதற்குத்தான் அது. தன் படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஆசைப்படாத மனிதர் குறைவு. பத்து மணிக்கு வந்துவிடுவார்கள். முதல் நாள் இருந்த முகம் இருக்காது, டீ குடித்துவிட்டு பஸ் ஏறுவார்கள். வராமல் போனவர்களின் படங்கள் சில மச்சானின் மேஜை இழுப்பறையில் கிடந்தன.

இதெல்லாம் தெரிந்த நான்தான் உடனே வரும் படத்தைக் கொண்டாடினேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அமெரிக்கப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிய நாளிலிருந்து கூட்டம் என்னைத்தான் மொய்த்தது. மச்சானிடம் யாரும் போகவில்லை. ஒரே ஒரு தொந்தரவு, குளிர். நம்மூர்க் குளிரில் படம் நீலம் பூத்து வரும். வந்ததும் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு நாள் மச்சான் பண்ணைக்காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வேலியில் நான் மட்டும்தான். மதியத்துக்கு மேல் மிஸ்ட் வந்து பள்ளத்தாக்கை மூடிவிட்டது. ஒருவன் வந்தான், இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும். நீலக் கட்டம் போட்ட சட்டை, கையில் பையில்லை. ஒத்தை என்று மனசு சொன்னது. சொல்லிக் கேட்கத்தான் ஆள் இல்லை. வழக்கம்போல் பேச்சுக் கொடுத்து, வேலியோரம் நிற்க வைத்து எடுத்தேன். படம் வந்தது. கக்கத்தில் வைத்து, ஏதோ வித்தை காட்டுகிறவன் மாதிரி அவன் கையில் கொடுத்தேன்.

அவன் அதையே வெகுநேரம் பார்த்தான். "நல்லா வந்திருக்குங்க. நீங்களே வச்சுக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்தான். காசு வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் சட்டைப் பையில் ஒரு நோட்டைச் செருகிவிட்டு வேலியோரமாகவே நடந்தான். பத்தடியில் மிஸ்ட் அவனை மறைத்துவிட்டது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, காசும் எனக்கே படமும் எனக்கே என்று நினைத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். நினைத்தேன், அதை மறைப்பதில் பயனில்லை. படத்தை மாதிரிக்காகக் கடைப் பலகையில் ஒட்டினேன்.

மறுநாள் மச்சான் பலகையைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நேத்து வந்த ஒத்தை. படம் வேண்டாம்னுட்டான்."

"நாளைக்கு வரச் சொல்லலியா?"

"படத்தைத்தான் கையிலயே கொடுத்துட்டேனே மச்சான்."

அவர் வேலிவரைக்கும் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் டீ குடிக்கவில்லை. பஸ் ஏறிப் போயிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போலீஸ் வரவில்லை, யாரும் தேடி வரவில்லை. அதற்குப் பிறகு மிஸ்ட் ஏறும்போதெல்லாம் எனக்கு வேலிப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கப் பிடிக்கவில்லை.

நவம்பரில் அந்த அம்மா வந்தார். நாற்பது வயசு இருக்கும், நூல் சேலை, மார்போடு அணைத்த கைப்பை. மச்சான் தூரத்தில் நின்று என்னைப் பார்த்தார். நான் போகுமுன் அந்த அம்மாவே என்னிடம் வந்தார்.

"ஒரு படம் எடுப்பீங்களா?"

எடுத்தேன். கக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பையைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். விலாசம் எழுதி, தபால்தலையும் ஒட்டித் தயாராக இருந்தது.

"இதை இதுல வச்சுத் தபால்ல போட்டுடுங்க."

நான் கவரை வாங்கவில்லை. "நீங்களே போடலாமே. தபாலாபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கந்தான்."

"எனக்கு நேரமில்லைங்க."

நாளைக்கு வாங்க என்று சொல்ல வேண்டும். என்ன சாக்கு வைத்துச் சொல்வது? படம் அவர் கையிலேயே இருந்தது, ஒவ்வொரு நிறமாக ஏறிக்கொண்டு. "குளிர்ல கலர் முழுசா ஏற ஒரு ராத்திரி ஆகும்ங்க" என்று உளறினேன். "அதான் நல்லா வந்துருச்சே" என்றார். நீலச் சட்டைக்காரனும் இதே சொல்லைத்தான் சொன்னான் என்பது அப்போது என் மண்டையில் இடித்தது.

அதற்குள் மச்சான் வந்துவிட்டார். படத்தை வாங்கிப் பார்த்தார். "என்ன மாப்ள எடுத்திருக்க. மூஞ்சியெல்லாம் நீலம் பூத்துக் கெடக்கு. ரெண்டே வருசத்துல வெளுத்துரும். இதையா அக்கா வீட்டுக்கு அனுப்புறது?"

எனக்குப் புரிந்துவிட்டது. "எது வெளுக்கும்? உங்க ஓட்டைப் பெட்டிக்கு அமெரிக்காக்காரன் தேவலாம்" என்று நானும் ஏறினேன்.

"எங்க பார்ப்போம். நானும் ஒண்ணு எடுக்கறேன். ராத்திரி கழுவி வைக்கிறேன். நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எந்தப் பெட்டி ஒசத்தின்னு அக்காவே சொல்லட்டும். இவன் மூணு மாசமா எந்தப் பெட்டி வாங்கறதுன்னு என் உசிரை வாங்கறான்."

"சொல்லுங்கக்கா. நீங்க சொல்றதைத்தான் வாங்குவேன்" என்றேன். அது நடிப்பில்லை.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சண்டை போடாதீங்க. வர்றேன்" என்றார். மச்சான் எடுத்தார். "வெரசா இருட்டிரும், நாங்களும் அந்தப் பக்கந்தான்" என்று அந்த அம்மா தங்கியிருந்த லாட்ஜ்வரைக்கும் கூடவே நடந்தோம். லாட்ஜ்காரர் சம்சாரத்திடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினோம்.

மறுநாள் வெள்ளனே கடையைத் திறந்தோம். இரண்டு படங்களையும் மேஜையில் வைத்தோம். பத்தானது. பத்தரை ஆனது. மச்சான் துடைத்த மூக்குக்கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். பலகையில் இருந்த நீலச் சட்டைக்காரனை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் அந்த அம்மா வந்தார்.

இரண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மச்சான் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைத் தொட்டு, "இதுதான். இதுல நான் என்னை மாதிரி இருக்கேன்" என்றார். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். தபால்தலை ஒட்டிய கவரை எங்களிடம் கொடுக்கவில்லை. வத்தலக்குண்டு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மச்சான் கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலமே வாத்தியாரிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிலோன்காரர் வீட்டில் போய் ஜப்பானை வாங்கினேன். ஏன் என்று டீக்கடையில் கேட்டவர்களிடம் ஃபிலிம் கிடைக்காது என்று சொன்னேன். அதை எல்லாரும் நம்பினார்கள்.

நீலச் சட்டைக்காரனின் படத்தைப் பலகையிலிருந்து எடுத்தேன். அவன் அன்றைக்கே பஸ் ஏறியிருக்கலாம், இப்போது எங்காவது பேரன் பேத்தியோடு இருக்கலாம். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்தப் பெட்டியின் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது, இன்னொன்று போட முடியாது. மச்சான் சொன்னது போலவே வருஷத்துக்கு வருஷம் வெளுத்தது. முதலில் சட்டையின் கட்டம் போனது, பிறகு முகம். வேலிக் கம்பி மட்டும் நன்றாகத் தெரிகிறது. கடையை ஒரேயடியாக மூடிய நாள்வரைக்கும், தினமும் பத்து மணிக்கு அதை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுத்தான் வேலிக்குப் போவேன்.