கல்லாற்றுத் தண்ணீரில் செம்பு

மழைக்கு முன்னால் ரப்பர் தோட்டங்களில் மயில்துத்தம் கலந்த மருந்து அடிப்பார்கள். மழை இறங்கியதும் அதிலுள்ள செம்பு கொஞ்சம் ஓடைக்கும் போகும். எவ்வளவு செம்பை நீர்வாழ் உயிர்கள் தாங்கும் என்று முன்கூட்டியே கணக்கிடுவதுதான் திருவனந்தபுரத்து ஆய்வகம் ஒன்றில் என் வேலை.

அந்தத் தோட்டங்களை ஒட்டி ஓடும் கல்லாற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அது இருந்தால் செவுளில் செம்பு ஒட்டாமல் ஓரளவு தடுக்கும். அதனால் எல்லா ஆறுகளுக்கும் வைத்திருக்கும் பொது வரம்பில் பாதி செம்புக்கே இந்த ஆற்றில் உயிர்கள் சாகும் என்றது என் கணக்கு. வரம்பு நிர்ணயிக்கும் குழுவில் ஒருவர், "கம்ப்யூட்டர் சொன்னா போதுமா? அந்தத் தண்ணியில உயிருள்ள எதையாவது விட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அதற்காக நீர்த்தெள்ளு வளர்த்தேன். கடுகு அளவுகூட இராது, தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்தும். குழு மறுபடி கூட ஒரு வாரம் இருக்கும்போது, விடுமுறையில் யாரோ கட்டடத்தில் கரப்பான் மருந்து அடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் எல்லாம் செத்து மிதந்தன. தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

கருத்தரங்கு ஒன்றில் சாப்பாட்டு வரிசையில் பழக்கமான ஒருத்தி நினைவுக்கு வந்தாள். போனக்காட்டுத் தேயிலைத் தொழிலாளியின் மகள். கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவள், கல்லாறு போலவே சுண்ணாம்பு குறைந்த தன் ஊர் மலை ஓடைத் தண்ணீரிலேயே நீர்த்தெள்ளு வளர்ப்பவள். தயங்கித்தான் போன் செய்தேன்.

"அழாதீங்க அக்கா. நான் கொண்டு வரேன்."

"உன் ஆராய்ச்சிக்கு வேண்டாமா?"

"மிச்சம் இருக்கறது பெருகிக்கும். சாரமில்ல, அதெல்லாம் பரவாயில்ல."

மறுநாள் காலை ஈரத்துண்டு சுற்றிய குப்பியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வழியெல்லாம் மடியில் வைத்தே வந்தாளாம். கொடுத்துவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். "செத்தது எத்தனைன்னு தனியா எப்படி எண்ணுவீங்க?" என்று கேட்டுச் செருப்பைக் கழற்றினாள். சோதனை நடந்த இரண்டு நாளும் வலியசாலையில் எங்கள் வீட்டில்தான் தங்கினாள். என் அம்மாவின் மோர்க்குழம்பை மூன்றாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வெறும் ஆற்றுத் தண்ணீரில் விட்டவை துள்ளிக்கொண்டிருந்தன. பாதி வரம்பு செம்பு கலந்த கண்ணாடிக் குவளைகளில் பெரும்பாலானவை அடியில் அசையாமல் கிடந்தன. கணக்கு பலித்ததற்குச் சந்தோஷப்பட மனம் வரவில்லை. "பாவம்" என்றாள் அவள். "ஆனா இனி யாரும் தர்க்கம் பண்ண மாட்டாங்க."

குழு ஒத்துக்கொண்டது. சுண்ணாம்பு குறைந்த ஆறுகளுக்குத் தனியாக, கடுமையான வரம்பு. வெளியே வந்ததும் முதலில் அவளைத்தான் கூப்பிட்டேன். நன்றி சொல்ல ஆரம்பித்த என்னை அவள் பேச விடவில்லை.

"அப்ப எங்க ஓடைக்கும் இதுதானே அக்கா வரம்பு?"

"ஆமாம்."

"அது போதும்" என்றாள். எனக்குப் போதவில்லை. வராந்தாவிலேயே நின்று, சொல்ல வந்த நன்றி முழுவதையும் சொன்னேன்.