மணி அடிக்காமல் வந்த சனிக்கிழமை

என் வீட்டுக்காரர் கராஜில் துப்பாக்கி செய்யப்போகிறேன் என்று முதன்முதலில் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நம் ஊர்ச் செய்தித்தாளில் நாட்டுத் துப்பாக்கி என்று ஒரு வரி வந்தால் அடுத்த வரியில் கைது என்று வரும். பாளையங்கோட்டையில் பிறந்து, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய், ஹூஸ்டனில் ஒரு ரசாயன ஆலைக்குக் குழாய் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிற மனிதருக்கு இது எதற்கு? வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ளாதீர்கள் என்றேன். வழக்கம்போல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வழக்கம்போல் தான் நினைத்ததையே செய்தார்.

அது இந்தக் காலத்துத் துப்பாக்கி இல்லை. இருநூறு வருஷத்துக்கு முந்தைய மாதிரி. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டவேண்டும். எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து அதன்மேல் வைத்து, நீளமான மரக்குச்சியால் அடிவரை தள்ளவேண்டும். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி விழும், பொறி பக்கவாட்டு ஓட்டை வழியாக மருந்தைப் பிடிக்கும், அப்புறம்தான் வெடி. ஒருமுறை சுட்டுவிட்டு மறுமுறை சுடுவதற்குள் ஒரு டம்ளர் காபி குடித்துவிடலாம். ஆலையில் அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெல்டர் ஒருவர்தான் இவரை இதில் இழுத்துவிட்டவர். ஆறரை அடி உயரம், நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார்.

துப்பாக்கி செய்து முடிக்க இரண்டு குளிர்காலம் ஆனது. இரும்புக் குழல் உட்காருவதற்கு மேப்பிள் கட்டையில் பள்ளம் தோண்டவேண்டும். குழலில் மை தடவிக் கட்டையில் அழுத்தி எடுத்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே கறுப்பு ஒட்டும். அந்த இடத்தை மட்டும் சீவி, மறுபடி மை தடவி, மறுபடி சீவி, இப்படியே மாதக்கணக்கில் போகும். அந்த மை தீர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கண்மை டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சர்ச்சுக்குக் கிளம்பி நின்ற நான் வெறுங்கண்ணோடு போனேன். உடம்பு சரியில்லையா என்று நாலு பேர் கேட்டார்கள்.

குழலுக்குப் பழுப்பு நிறம் ஏற்றியது அதைவிடப் பெரிய கூத்து. இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, துருவைத் தேய்த்து, திரும்பத் துருப்பிடிக்க வைக்கவேண்டுமாம். ஈரத்துக்காக விருந்தாளிகள் குளியலறையில் குழலைத் தொங்கவிட்டு, சுடுதண்ணீரைத் திறந்து ஆவி பிடித்தார். அந்த வாரம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். கை கழுவப் போன போதகர் அதே வேகத்தில் வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, அன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே ஜெபித்தார்.

நான் உள்ளே நுழைந்தது துணி வழியாக. குண்டைப் பொதிய அவர் பழைய வேட்டியைக் கிழித்தார், அது ஒரே வெடியில் கருகிப் பிய்ந்துபோனது. கடையில் வாங்கிய துணியும் சரிப்படவில்லை. ஊரிலிருந்து நான் கொண்டுவந்த இலவம்பஞ்சுத் தலையணையின் கோடு போட்ட உறைத் துணியைக் கொடுத்தேன். அழுத்தமான நெசவு, கிழியவே இல்லை. அதில் தேங்காய் எண்ணெய் தடவலாம் என்றதும் நான்தான். அதற்கப்புறம் துணி வெட்டுவதும் எண்ணெய் தடவுவதும் என் வேலையானது. வேலை செய்கிறவள் ஒருமுறை சுட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றி, சுட்டேன். எதிரில் வெண்புகை எழுந்தது, தோளில் ஒரு தள்ளு, மூக்கில் தீபாவளி வாசனை. ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் பியர்லாண்டில் இருபது வருஷம் இருந்தும் எனக்கு அந்த வாசனை கிடைத்ததில்லை. அப்புறம் நானும் சனிக்கிழமைக்காரி ஆகிவிட்டேன்.

சுடுகிற இடம் தெற்கே ஒரு மணிநேரம் காரில் போகவேண்டிய மாட்டுப் பண்ணை. சனிக்கிழமைதோறும் ஆறேழு பேர்தான் வருவோம். அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. துப்பாக்கியில் மருந்து இட்டுக்கொண்டிருப்பவரிடம் யாரும் பேசக்கூடாது, அவரும் பேசக்கூடாது. பேச்சு சுவாரஸ்யத்தில் கருமருந்தைப் போட மறந்து வெறும் குண்டை மட்டும் அடிவரை தள்ளிவிடுவது இந்தத் துப்பாக்கிக்காரர்களின் குலத்தவறு. தள்ளிவிட்டால் வெடிக்காது, குண்டும் வெளியே வராது. அப்படிச் செய்தவர், ஓக் மரத்தில் தொங்குகிற மணியைப் போய் மூன்றுமுறை அடிக்கவேண்டும். பழைய கேஸ் சிலிண்டரை அறுத்து வெல்டர் செய்த மணி. அடித்தவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் சாப்பாடு கொண்டுவரவேண்டும்.

நான் மூன்று தடவை அடித்திருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது. மூன்று தடவையும் சிக்கன் பிரியாணி கொண்டுபோனேன். அதற்கப்புறம் நான் மருந்தை அளக்கும்போதெல்லாம் அந்த ஆட்கள் விதியை மறந்து என்னிடம் குசலம் விசாரித்தார்கள். என் வீட்டுக்காரர் பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூட அடித்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குத் தாங்காது. “நான் வாய மூடிட்டு லோடு பண்ணுதேன், நீ வாயத் திறந்துட்டு லோடு பண்ணுத” என்பார். நான் மணி அடிக்கப் போகும்போது முன்னால் ஓடிப்போய் மரத்தடியில் நின்று கை தட்டுவார்.

இனிச் சொல்லப்போவதை நான் இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் மட்டும் போனார். மறுநாள் சர்ச்சில் நூறு பேருக்கு மதியச் சாப்பாடு, அந்த வேலையில் நான் வீட்டில் இருந்தேன். வழக்கமாக மாலை ஐந்துக்கு வருகிறவர் அன்று பன்னிரண்டரைக்கே வந்துவிட்டார். நான் சொல்லியிருந்த காய்கறிப் பையைச் சமையல் மேடையில் வைத்தார். என்ன இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். “ஒண்ணும் இல்ல, லேசா தலைவலி” என்றார். சுட்டுவிட்டு வந்தால் குழலைக் கழுவ வாளி நிறையச் சுடுதண்ணீர் கேட்பார், அன்று கேட்கவில்லை. துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டார். ஞாயிறும் திங்களும் எப்போதும்போல் போயின. செவ்வாய்க்கிழமை காலை ஷூ மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். என் கையாலேயே நெஞ்சை அழுத்தினேன். ஆம்புலன்ஸும் சீக்கிரம் வந்தது. பிழைக்கவில்லை.

நான் இருதய வார்டில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். நோயாளியோடு வருகிற மனைவியிடம் நான் கேட்கிற முதல் கேள்வியே, நாலைந்து நாளாக ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்பதுதான். அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். சீக்கிரம் வந்தார். தலைவலி என்றார். சுடுதண்ணீர் கேட்கவில்லை. மற்றவர்களுக்கு வந்திருந்தால் உடனே காரில் ஏற்றியிருப்பேன். சொந்தப் புருஷனுக்கு வந்தபோது சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். வேலையில் அந்தக் கேள்வியைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் என் குரல் எனக்கே கூசியது.

அவர் போன பத்தாம் நாள் அவர் பெயருக்கு ஒரு சின்னத் தபால் உறை வந்தது. உள்ளே விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் துண்டு, அதன் முனையில் திருகாணிபோல் கூரான மரை. எதற்கென்று தெரியவில்லை. தூக்கிப்போட மனம் வராமல், ரப்பர் பேண்டும் தீர்ந்த பேட்டரியும் கிடக்கிற சமையலறை டிராயரில் போட்டேன்.

பண்ணைப் பக்கம் நான் திரும்பப் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து கலிபோர்னியாவின் சான் ரமோனிலிருந்து மகன் கூப்பிட்டான். நடக்கத் தொடங்கிய பிள்ளையோடு அடுத்த மாதம் வருகிறார்களாம். “அம்மா, ப்ளீஸ், வீட்ல கன் வேண்டாம். அங்கிள்கிட்ட குடுத்துடுங்க” என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அடுத்த சனிக்கிழமை பீரோவைத் திறந்து, அந்தத் துப்பாக்கியை உறையோடு காரில் வைத்து, வெல்டரிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிடலாம் என்று போனேன்.

அங்கே எதுவும் மாறவில்லை. அதே ஓக் மரம், அதே மணி, அதே கொசு. வெல்டர் தொப்பியைக் கழற்றி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு உறையைப் பிரித்து, எந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் அங்கே எல்லோரும் முதலில் செய்வதைச் செய்தார். மரக்குச்சியைக் குழலுக்குள் விட்டார். குச்சியில் ஒரு வளையக் கோடு கீறியிருக்கும். குழல் காலியாக இருந்தால் அந்தக் கோடு குழலின் வாயோடு சரியாக நிற்கவேண்டும். நிற்கவில்லை. வாய்க்கு மேலே அரை அங்குலம் தெரிந்தது. உள்ளே குண்டு இருக்கிறது என்றார்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. போன கிறிஸ்துமஸுக்கு என் பேரப்பிள்ளை அந்தப் பீரோ இருக்கிற அறையில்தான் தூங்கியது. அடுப்பைக்கூட மூன்றுமுறை அணைத்துப் பார்க்கிற மனிதர், மருந்திட்ட துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். செத்துப்போன மனிதரை அந்த மரத்தடியில் நின்று வாய்விட்டுத் திட்டினேன், நல்ல திருநெல்வேலித் தமிழில். நான் திட்டி முடிக்கிறவரை வெல்டர் காத்திருந்தார். பிறகு அந்த அரை அங்குலத்தில் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். மருந்தும் குண்டும் சேர்ந்திருந்தால் கோடு இரண்டு அங்குலம் மேலே நிற்கும். இது குண்டின் கனம் மட்டும்தான். மருந்தே இல்லை, இது யாரையும் ஒன்றும் செய்திருக்காது என்றார்.

சொல்லிக்கொண்டே, சிக்கிய குண்டை எடுப்பதற்காகத் தன் பெட்டியிலிருந்து ஒரு பித்தளைத் துண்டை எடுத்துக் குச்சியின் நுனியில் பொருத்தினார். விரல் நீளம். முனையில் கூரான மரை.

என் சமையலறை டிராயரில் கிடப்பது அதுதான்.

நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வீடு இருக்கிற ஊருக்குள் சிக்கிய குண்டைச் சுட்டு வெளியே தள்ள முடியாது. இங்கே கருவியை இரவல் கேட்டால் மணி அடிக்கவேண்டும். அதனால் பதினோரு வருஷப் பெருமையைக் காப்பாற்றிக்கொள்ள, முதல் குண்டிலேயே தவறு செய்தவர் தலைவலி என்று பொய் சொல்லி வீட்டுக்கு ஓடிவந்து, ரகசியமாக இதை ஆர்டர் செய்திருக்கிறார். ஒருமுறைகூடச் சுடவில்லை, அதனால்தான் சுடுதண்ணீர் கேட்கவில்லை. அது நெஞ்சுவலி இல்லை. வெட்கம்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று வெல்டரிடம் கேட்டேன். அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மருந்து அளக்கிற நேரத்தில் இவருக்குப் போன் வந்ததாம். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிப் பேசினாராம். பார்த்துக்கொண்டிருந்த வெல்டருக்குச் சந்தேகமாகத்தான் இருந்ததாம். ஆனால் அந்த நேரத்தில் குறுக்கே பேசக்கூடாது என்பது விதி.

போன் செய்தது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருந்தது.

“கொத்தமல்லி ரெண்டு கட்டு. கேட்டீங்களா?”

“ம்.”

“என்ன ம்? போன தடவையும் இப்படித்தான் ம்முன்னு சொல்லிட்டு புதினா வாங்கிட்டு வந்தீங்க.”

“கொத்தமல்லி. ரெண்டு கட்டு. வாங்கிட்டு வாரேன்.”

மரையால் துளைத்து எடுக்கவேண்டாம், நானே சுட்டு வெளியே தள்ளுகிறேன் என்றேன். வெல்டர் பக்கவாட்டு ஓட்டை வழியாக ஒரு சிட்டிகை மருந்தை மெல்ல உள்ளே தட்டினார். குண்டு அடியோடு ஒட்டியிருக்கிறதா என்று இன்னொருமுறை பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். விசையை இழுத்தேன். பெரிய வெடி இல்லை, ஈரப் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். குண்டு எதிரே இருந்த மண்மேட்டைக்கூட எட்டாமல் புல்லில் எங்கேயோ விழுந்தது. துணித்துண்டு என் காலடிக்குக் கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. ஓரம் மட்டும் கருகியிருந்தது. என் தலையணை உறையின் நீலக்கோடு அப்படியே இருந்தது, சிக்குப் பிடித்த தேங்காய் எண்ணெய் வாசனையோடு.

அதைக் கையில் வைத்துக்கொண்டே போய் மணியை மூன்றுமுறை அடித்தேன். கை தட்ட முன்னால் ஓடுகிற ஆள் இல்லை. நான் சிரித்தேன், அழுதேன், எது முதலில் என்று தெரியாது. அவர் நெஞ்சுக்குள் அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்று எனக்கு இன்னமும் தெரியாது. ஆனால் அந்தச் சனிக்கிழமை நான் பார்க்கத் தவறிய நோய்க்குறி எதுவும் இல்லை. அது தெரிந்தபிறகு வார்டில் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது என் குரல் கூசுவதில்லை.

துப்பாக்கி இப்போது வெல்டர் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் எனக்காக எடுத்து வருகிறார். என் வீட்டுக்காரர் தரவேண்டிய அபராதச் சாப்பாட்டை அடுத்த வாரமே கொண்டுபோனேன், பிரியாணிதான். முந்தின நாள் சமையல் மேடையில் கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டிருந்தபோது அந்தக் காய்கறிப் பை ஞாபகம் வந்தது. கருமருந்தை மறந்தார். தலைகுனிந்து ஓடிவந்த அந்த அவசரத்திலும் வழியில் கடையில் நிறுத்தி, இரண்டு கட்டு கொத்தமல்லியை மறக்காமல் வாங்கிவந்திருந்தார். நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, பையைத்தான் பிரித்துப் பார்த்தேன், புதினாவாக இருந்துவிடப்போகிறதே என்று.