அலுமினியம் பூசிய ஆண்டெனா

தாராவியில் பட்டறை வைத்திருந்த பாய்க்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தச் சாமானும் அலுமினியப் பெயின்ட் பூசாமல் அவர் வாசலைத் தாண்டாது. உப்புக் காற்றுக்கு அதுதான் மருந்தாம்.

எண்பதுகளின் நடுவில் நான் கப்பல் ரேடியோ பழுதுபார்க்கும் சின்னக் கம்பெனியில் டெக்னீஷியன். செம்பூரிலிருந்து பஸ் ஏறிப் போகும் டிப்ளமோக்காரி. பாயின் மகன் வளைகுடாவுக்குச் சரக்கு லாஞ்ச் ஓட்டினான். போன தடவை புயலில் திசை தப்பி எங்கோ கரை ஒதுங்கினான். சேதி வரும்வரை அந்த வீட்டில் அடுப்பே எரியவில்லை. அதற்காகவே பாய், உடைக்க வந்த ஒரு கப்பலிலிருந்து, செயற்கைக்கோளைக் கேட்டு இடம் சொல்லும் கருவி ஒன்றை வாங்கினார். நான் அதைச் சரிபார்த்து, வெள்ளை மூடி போட்ட ஆண்டெனாவோடு கொடுத்திருந்தேன், தாங்கி செய்து பொருத்துவதற்காக.

"கருவி பேசினாலும் பேசாட்டியும் அவன் நாளைக்குக் கெளம்புதான் யம்மா. சரக்கு ஏத்தியாச்சு" என்றார் பாய்.

கருவி பேசவில்லை. ஆண்டெனா ஏற்கெனவே கூரைமேல் ஏறியிருந்தது. சுற்றிலும் தகரக் கூரைகள், சிக்னல் அதில் பட்டுச் சிதறுமோ என்று மூங்கிலில் உயர்த்தினேன். தண்ணீர்த் தொட்டி மறைக்கிறதோ என்று நகர்த்தினேன். பக்கத்தில் வெல்டிங்கை நிறுத்தச் சொன்னேன். கேபிள் இணைப்பில் ஈரம் இருக்கிறதா என்று பிரித்தும் பார்த்தாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு செயற்கைக்கோள் வந்த சுவடு தெரியாமல் கடந்து போயிற்று.

மூங்கிலை இறக்கி மூடியைத் தொட்டேன். விரலில் வெள்ளி நிறம் ஒட்டியது.

"பாய், இதுக்குமா பூசினீங்க?"

"பின்ன? உப்புக் காத்துல வெறுமன விடவா?"

"அது காது, பாய். காதுமேல அலுமினியச் சட்டியைக் கவுத்துட்டு, ஏன் கேக்கலைன்னா எப்படி?"

அவர் முகம் வாடிவிட்டது. தின்னரும் துணியும் எடுத்து உட்கார்ந்தார். என்னைக் கிட்டவே விடவில்லை, அவரே தேய்த்துத் தேய்த்து எடுத்தார்.

ஆண்டெனாவை மறுபடி மூங்கிலில் ஏற்றினோம். அடுத்த செயற்கைக்கோள் சாயங்காலம் வந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்கும் கேட்கவில்லை. லோக்கல் ரயில் நம்மைத் தாண்டும்போது ஹாரன் சத்தம் இறங்குமே, அதுபோல அதன் சுருதி இறங்குவதை வைத்தே கருவி கணக்குப் போட்டது. சட்டென்று அதன் திரையில் எண்கள் ஒளிர்ந்தன. எங்கள் அட்சரேகை, எங்கள் தீர்க்கரேகை. ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிற ஒன்றின் மெல்லிய குரல், மேகத்தையும் புகையையும் தாண்டி இந்தச் சந்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது! படித்தவள்தான், பாடமாக எல்லாம் தெரியும். ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பாய் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நம்ம பட்டறையா?"

"ஆமா பாய். நடுக்கடல்ல இருந்தாலும் இப்படித்தான் சொல்லும்."

"அப்போ அவன் எங்கன இருக்கான்னு நாங்க வீட்டுல இருந்தே கேட்டுக்கிடலாம், இல்லியா?"

அந்த நினைப்பில்தான் வாங்கினார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இல்ல பாய். அவருக்கு மட்டும்தான் சொல்லும். நமக்குச் சொல்லாது."

பாய் ஆண்டெனாவை இறக்கி, மூடியில் இன்னும் ஒட்டியிருந்த ஒரு பொட்டை நகத்தால் சுரண்டினார்.

"சரி" என்றார். "அவனுக்குத் தெரிஞ்சாப் போதும்."