நெஞ்சைச் சுற்றிய நரம்பு

கலந்தரின் குரலைக் கெடுக்க யாரோ மருந்து வைத்துவிட்டார்களாம். கல்முனைக்குடிக் கடற்கரையில் கதை ஓடியது. பக்கத்து மீன்வாடியில் கேட்டதை அவரிடமே கொண்டுவந்து சொன்னான் மச்சான் றுமைஸ்.

"தேத்தண்ணியில கலந்து குடுத்திரிக்காங்களாம்."

வாலிப வயதிலிருந்தே மீன் ஏலம் கூறுகிறவர் கலந்தர். அலைச் சத்தத்துக்கு மேலால் அவர் குரல் கேட்கும். சூரை மீனுக்கு ஒரு ராகம், கீரி மீனுக்கு ஒரு ராகம். ஏலக்காரருக்குத் தொண்டை அடைப்பது புதிதல்ல. இஞ்சியும் ஓதின தண்ணீரும் குடித்து, கடலுக்குப் போகாத வெள்ளிக்கிழமை வாய்மூடிக் கிடந்தால் திறந்துவிடும். இம்முறையும் அப்படித்தான் இருந்து பார்த்தார். வெள்ளிக்கிழமைகள் போயின, குரல் வெறும் காற்றானது. அப்போதும் மனம், ஏலத்தில் கத்தி அடைத்த தொண்டை என்ற பழகிய காரணத்தையே பிடித்துக்கொண்டு கிடந்தது.

மகள் ஸஹ்றாதான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டொக்டர் தொண்டைக்குள் கமரா விட்டுப் பார்த்தார். இடப்பக்கக் குரல்நாண் அசையவில்லை.

"நெஞ்ச ஸ்கேன் பண்ணணும்."

"குரலுக்கும் நெஞ்சுக்கும் என்ன டொக்டர்?" மூச்சால் கேட்டார் கலந்தர்.

மூளையிலிருந்து குரல்நாணுக்கு வரும் நரம்பு, தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்தின் பெரிய இரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு திரும்ப மேலே ஏறுகிறதாம். கழுத்தில்லாத மீனுக்கு அது நேர்வழி. கழுத்து நீண்ட உயிர்களில் குழாயில் மாட்டியபடியே இழுபட்டுப்போனது. நெஞ்சில் ஒரு கட்டி அழுத்தினாலும் குரல் போய்விடும்.

"இவ்வளவு காலம் வித்ததுக்கு மீன் பழிவாங்கிட்டு" என்றார் கலந்தர். ஸஹ்றா சிரிக்கவில்லை.

கட்டி இல்லையென்றால் நரம்பு தானாகத் தேறலாம். இருந்தால் என்னவென்று டொக்டர் சொல்லவில்லை. இன்று ஸ்கேன் முடிவை வாங்கிவர ஸஹ்றா போயிருந்தாள்.

கரையில் கலந்தருக்குப் பதிலாகப் புதுப் பொடியன் அஸ்கி ஏலம் கூறினான்.

"டேய், மீன விக்கிறியா, தாலாட்டுறியா?" என்றார் ஒரு வியாபாரி.

எல்லோரும் சிரிக்கும்போது கலந்தரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஸஹ்றா.

"எடுங்க மச்சான்" என்றான் பக்கத்தில் நின்ற றுமைஸ்.

கலந்தர் போனை றுமைஸிடம் நீட்டினார். அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்கேலா. கையெல்லாம் மீன்."

அவன் இன்னும் ஒரு மீனைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

போன் ஓய்ந்து, உடனே மறுபடி அதிர்ந்தது. "மகள்" என்று சொல்ல வருகிறதா என்று கலந்தர் வாயைத் திறந்து பார்த்தார். காற்றுத்தான் வந்தது. பச்சைப் பொத்தானுக்கு மேலே பெருவிரல் நின்றது. போன் அதிர்ந்துகொண்டேயிருந்தது.