தூக்கிய கையின் தடம்

சட்டையைத் தூக்கியதும் கண்ணில் பட்டவை நாலு நீலத் தடங்கள். ஒரு வயதுகூட ஆகாத பையனின் விலாவில், நாலு விரல் அழுத்திப் பிடித்ததுபோல. கடவுளே, இன்னொன்றா என்று அலுத்துப்போனேன். இத்தனை வருடம் குழந்தை மருத்துவராக இருந்துவிட்டேன். ரத்தக்கட்டைப் பார்த்தால் முதலில் வருவது சோர்வுதான். அடிபட்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், யாருமே அடிக்காத பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். தோலில் இரண்டும் ஒரே நிறம்.

கொண்டுவந்தவள் பிள்ளையின் பெரியம்மா, செத்துப்போன தாயின் அக்காள். கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டும் தகப்பன் மறுகல்யாணம் செய்திருந்தான். அந்தச் சித்தி வார்டு வாசலிலேயே நின்றாள்.

“எக்க தங்கச்சிக்க பிள்ளைய இவ கிள்ளியே கொல்லுகா டாக்டரே. இனி நான் கொண்டு போறேன்” என்று பெரியம்மா கத்தினாள்.

பிள்ளையோ சித்தியைப் பார்த்துத்தான் கையை நீட்டி அழுதான். அவள் இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டாள். “எடுத்தா தடம் விழுது. விழுந்தா அடிச்சேன்னு சொல்லுகாவ. நான் எடுக்கமாட்டேன்” என்றாள்.

சந்தேகம் என்று வந்தால் மேலே தெரிவித்தாக வேண்டும், தெரிவித்தேன். ரத்தமும் எடுத்து அனுப்பினேன். மறுநாள் பார்த்தால் ஊசி குத்திய இடம் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிக் கறுத்திருந்தது. கையைப் பிடித்திருந்த நர்சின் பெருவிரலும் அச்சாகப் பதிந்திருந்தது. அப்படிப் பார்த்தால் நாங்கள் இருவரும் கொடுமைக்காரிகள்தான். எரிச்சலில் சிரிப்பு வந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவும் அதையே சொன்னது. ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய். சும்மா தூக்கினாலே கன்றிப்போகும். எலும்பு, தலை, கண் எல்லாம் சோதித்தோம், அடித்ததற்கு அடையாளமே இல்லை. நோயுள்ள பிள்ளையையும் அடிக்கிறவர்கள் உண்டு என்பதால் அதையும் பார்க்காமல் விட முடியாது.

எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். பெரியம்மா பிள்ளையின் கட்டிலை விட்டு விலகி நின்றாள். “உன்மேல தப்பில்லம்மா, பிள்ளைய எடு” என்றேன் சித்தியிடம்.

சித்தி நகரவில்லை. “நாளைக்கும் தடம் விழும் இல்லியா டாக்டரே?”

“விழும்.”

“பஸ்ஸுல பாக்கவங்களுக்கும் சர்ச்சுல பாக்கவங்களுக்கும் நீங்க வந்து சொல்லுவியளா?”

பிள்ளையைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினேன். கடைசியில் அவள் பிள்ளையை எடுத்தாள். விரல் ஒன்றும் அவன்மேல் படாமல், முழங்கையில் ஏந்திக்கொண்டு போனாள்.

இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். நோய்க்கான ஊசி போட சித்திதான் கூட்டி வருகிறாள். சாலையைக் கடக்கும்போதுகூட அவள் அவன் கையைப் பிடிப்பதில்லை. அவன்தான் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு வருகிறான்.