முதல் தெரிவு மூன்றும் மாமன்மார்

பாரிஸ் லா சப்பலில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் வரதராசா, ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஆட்டக்காரரைத் தெரிவுசெய்பவர். பிரான்சில் அவருக்கு இருக்கிற ஒரே பதவி அதுதான். கழகங்கள் முறைவைத்து ஆட்களைப் பிரித்தெடுத்த கூட்டத்தில், முதல் மூன்று முறையும் ஒரே வீட்டுச் சகோதரர்களை எடுத்தார். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் வெண்டிக்காயை விட்டுவிட்டு அவரைத்தான் முறித்துப் பார்க்கிறார்கள்.

"அண்ணை, கோல் காக்க ஆளில்லை. முன்னுக்கு மூண்டு பேரோ?" என்று கேட்டான் கரிகாலன்.

"கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பார்," என்றாள் வரிசையில் நின்ற அஜந்தா.

இவர்கள் கேட்காத கேள்விதான் வரதராசாவைத் தின்றது. காலையில் அந்தச் சகோதரர்களின் அக்கா வந்து அழைப்பிதழ் தந்துவிட்டுப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை லெ பிளாங்-மெனில் மண்டபத்தில், மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. தண்ணீர் வார்க்க மாமன்மார் மூவரும் நிற்கவேண்டும். போட்டியும் அதே ஞாயிறுதான்.

"இந்தமுறை தோத்தால் உங்கட இடத்துக்கு வேறை ஆளைத்தான் போடுவம்," என்றான் கரிகாலன்.

"நீங்கள் மட்சுக்கு வருவியளோ?" வரதராசா மெல்லக் கேட்டார்.

"எப்பிடி அண்ணை வாறது? சாமத்தியவீடு இருக்கெல்லோ. நீங்கள் வெண்டுகொண்டு ஹோலுக்கு வாங்கோ."